டர்பன் புறநகர்: சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மவுண்ட் எட்ஜ்கம்ப் – இரண்டு நாளில் எந்த வரிசையில் பார்ப்பது?

லெனேசியா டீச்சர்

வணக்கம். ஜோஹன்னஸ்பர்க் லெனேசியாவில் நடக்கும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலிருந்து 38 பிள்ளைகள் (11 முதல் 15 வயது) ஜூலை லீவில் டர்பன் வருகிறார்கள். கூட ஆறு பெரியவர்கள், 60 சீட் பஸ் ஒன்று. கடற்கரைக்குத் தனியாக ஒரு நாள் உண்டு. அது போக முழுசாக இரண்டு நாள் புறநகர்ப் பகுதிகளுக்கு.

இப்போதைய திட்டம் இது. முதல் நாள் காலை சாட்ஸ்வர்த். 1860இல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலி வேலைக்குக் கப்பலில் வந்தவர்கள் முதலில் குடியேறிய ஊர் என்பதால் அங்கே தொடக்கம். ஹரே கிருஷ்ணா கோயில் பார்த்துவிட்டு மதியம் கேட்டோ மேனர். இரண்டாம் நாள் ஃபீனிக்ஸ் டவுன், அங்கேயே காந்தி ஆசிரமம், நேரமிருந்தால் மவுண்ட் எட்ஜ்கம்ப்.

வரிசை சரியா? சாட்ஸ்வர்த்தில் அந்தப் பெரிய கோயிலைத் தவிர பிள்ளைகளுக்குக் காட்ட என்ன இருக்கிறது? இன்னொன்று: கொள்ளுத்தாத்தா வந்த கப்பல் எது என்று பிள்ளைகளே தேடிப் பார்க்க வழி உண்டா?

உம்கேனிக்கரை

டீச்சர், திட்டத்தில் காலமே தலைகீழாக இருக்கிறது. முதலில் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

சாட்ஸ்வர்த் 1860இன் ஊர் இல்லை. ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது 1860 நவம்பர் 16. கல்கத்தாவிலிருந்து பெல்விடேர் வந்தது அதே மாதம் 26. வந்தவர்களைக் கரும்புத் தோட்டம், ரயில்வே, பிறகு நிலக்கரிச் சுரங்கம் என்று பிரித்து அனுப்பினார்கள். முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறி ஐந்தாம் வருஷம் 14. 1911 வரை இப்படி வந்தவர்கள் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாக. ஒப்பந்தம் முடிந்தவர்கள் டர்பனைச் சுற்றி ஆற்றோரங்களில் காய்கறி போட்டார்கள், கேட்டோ மேனரில் நிலம் வாங்கினார்கள். சாட்ஸ்வர்த் அதற்கெல்லாம் நூறு வருஷம் கழித்து, இனவாரியாக வசிப்பிடம் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டத்தின்படி அரசாங்கம் கோடு போட்டுக் கட்டியது. 1964இல் முறைப்படி திறந்தார்கள். ஃபீனிக்ஸ் டவுன் இன்னும் பிந்தியது, 1976.

ஆக டர்பன் புறநகரில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நம்மவர்கள் தாங்களாக வேர் பிடித்த இடங்கள்: மவுண்ட் எட்ஜ்கம்ப், கேட்டோ மேனர், உம்கேனி ஆற்றோரம். மற்றது, பிடுங்கி நட்ட இடங்கள்: சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ். முதல் வகையைப் பார்த்த பிறகு இரண்டாவதற்குப் போனால்தான் எதற்காக அழுதார்கள் என்று பிள்ளைகளுக்குப் புரியும்.

நான் வைக்கும் வரிசை: வியாழன் வடக்கு, வெள்ளி தெற்கு.

வியாழன் காலை 9க்கு டெர்பி ஸ்ட்ரீட்டில் 1860 ஹெரிட்டேஜ் சென்டர், ஒரு மணி நேரம். அங்கிருந்து என்2 நெடுஞ்சாலை பிடித்து, எம்41 சாலையில் திரும்பி மவுண்ட் எட்ஜ்கம்ப், பிறகு காந்தி ஆசிரமம், கடைசியாக ஓஷ்லாங்கே பள்ளி. வெள்ளி காலை உம்கேனி ரோடு ஸ்ரீ வைத்தியநாத ஈஸ்வரர் ஆலயம் (1883), அடுத்து கேட்டோ மேனர் அம்பலவாணர் ஆலயம், பிறகு நாள் முழுக்க சாட்ஸ்வர்த். வெள்ளி என்று சொல்வதற்குக் காரணம் மார்க்கெட். அதை மற்றவர்கள் சொல்வார்கள்.

இரண்டு எச்சரிக்கை. ஜூலை முதல் சனிக்கிழமை கிரேவில்லில் டர்பன் ஜூலை குதிரைப் பந்தயம். ஹெரிட்டேஜ் சென்டர் அதன் பக்கத்தில்தான். அந்த வாரக் கடைசியில் அந்தத் தெருக்களில் பஸ் நகராது. இரண்டாவது, குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். கடைசி நிறுத்தத்தை 3 மணிக்குள் முடிப்பதாகக் கணக்குப் போடுங்கள்.

கேட்டோ மேனரில் பார்க்க வேண்டியது: அம்பலவாணர் ஆலயம், ஊர் வழக்கில் 'செகண்ட் ரிவர் கோயில்'. 1875இல் உம்பிலோ ஆற்றங்கரையில் தொடங்கியது. 1905 வெள்ளம் கொண்டுபோனது. 1947இல் பெல்ஏர் ரோட்டில் இப்போதைய கட்டடம் எழுந்தது. வெள்ளத்துக்குத் தப்பிய பழைய கதவுகள் இன்றும் இருக்கின்றன. கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதற்கு முன்னால் அந்தக் கதவுகளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஈஸ்டர் சமயத்தில் தீமிதி நடப்பது இங்கேதான். பெல்ஏர் ரோட்டின் இப்போதைய பெயர் வூசி ம்ஸிமேலா ரோடு. வழி கேட்டால் ஊர்க்காரர்கள் பழைய பெயரைத்தான் சொல்வார்கள், மேப் புதுப் பெயரைக் காட்டும். டிரைவரிடம் இரண்டையும் எழுதிக் கொடுங்கள். பிரிக்ஃபீல்ட் ரோடு இப்போது ஃபீலிக்ஸ் ட்லாமினி ரோடு, ஸ்பார்க்ஸ் ரோடு மோசஸ் கொட்டானே ரோடு, அதே தொல்லைதான்.

கேட்டோ மேனரில் நின்று சொல்லாமல் விடக்கூடாத ஒன்று ஆப்பிரிக்கர்களுக்கும் இந்தியர்களுக்கும் நடுவில் நடந்த 1949 ஜனவரிக் கலவரம். 142 பேர் செத்தார்கள், பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள். பாட்டிகள் சொல்லும் கதையில் நம் பக்கச் சாவு மட்டுமே வரும்; பிள்ளைகளுக்கு இரண்டு பக்கத்தையும் சொல்லுங்கள். அதன் பிறகு 1950களின் கடைசியிலிருந்து ஊரையே காலி செய்தார்கள். ஆப்பிரிக்கர்கள் வடக்கே க்வாமாஷுவுக்கு, இந்தியர்கள் தெற்கே சாட்ஸ்வர்த்துக்கு. க்வாமாஷு என்றால் ஜூலுவில் 'மார்ஷலின் இடம்'. மார்ஷல் காம்ப்பெல் என்ற கரும்பு முதலாளியின் பெயர் அது. முந்தின நாள் பார்த்த மவுண்ட் எட்ஜ்கம்ப்பில் முன்பு இருந்த கரும்புக்காடும் அவர் கம்பெனியுடையதுதான். இந்த முடிச்சைப் பிள்ளைகளே அவிழ்க்கட்டும்.

யூனிட்_மூணு

சாட்ஸ்வர்த்துக்கு வருகிறவர்கள் எல்லாம் ஹரே கிருஷ்ணா தாமரைக் கோயிலில் போட்டோ எடுத்துவிட்டு ஹிகின்சன் ஹைவேயிலேயே திரும்பிப் போய்விடுகிறார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் ஆத்திரம் உண்டு. கோயில் அழகுதான், எண்கோண மண்டபம், சுற்றி அகழி, 1985இல் திறந்தது. ஆனால் அது சாட்ஸ்வர்த்தின் கதை இல்லை.

கதை தெரு நம்பரில் இருக்கிறது. இடம் உம்லத்துசானா ஆற்றுக்கும் உம்லாஸ் ஆற்றுக்கும் நடுவில், முன்பு வாழைத்தோட்டம். தெற்கே ஆற்றைத் தாண்டினால் ஆப்பிரிக்கர்களுக்கென்று ஒதுக்கிய உம்லாசி. வெள்ளைக்காரர்கள் வீட்டுக்கும் அவர்களுக்கும் இடையில் வேலியாக நம்மை வைத்தார்கள். மொத்தம் 11 யூனிட். தெருவுக்குப் பெயர் வைக்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை. மூன்றாம் யூனிட் வெஸ்ட்கிளிஃப் என்றால் ரோடுகள் 300களில், ஏழாம் யூனிட் மான்ட்ஃபோர்ட் என்றால் 700களில். 'ரோடு 734, வீடு 49' என்பது முழு விலாசம். இப்போது பல தெருக்களுக்குப் பெயர் வந்தாயிற்று, ஆனாலும் வயசானவர்கள் நம்பரில்தான் பேசுவார்கள். பிள்ளைகளை ஒரு ரோட்டோரம் நிற்க வைத்து, வீடுகளை எண்ணச் சொல்லுங்கள்: ஒரே அச்சில் வார்த்த ஒட்டு வீடுகள். பின்னால் கட்டிச் சேர்த்த அறை, மாடி, முன் மதில் எல்லாவற்றையும் மனசில் கழித்துவிட்டுப் பார்த்தால் 1960களின் அச்சு தெரியும்.

வீடு ஒதுக்கியது வருமானத்தையும் வரிசை நம்பரையும் பார்த்து; பழைய அக்கம்பக்கத்தைப் பார்த்து இல்லை. ஒரே கோயிலைச் சேர்ந்த குடும்பங்கள் நாலு யூனிட்டுக்குச் சிதறின. தகரமும் மரமுமாக இருந்த பழைய கோயில்கள் பல புல்டோசருக்குப் போயின. சாட்ஸ்வர்த்தில் அடுத்தடுத்து இத்தனை மாரியம்மன் கோயில், முருகன் கோயில் ஏன் என்று கேட்டால் அதுதான் பதில்.

பிள்ளைகளுக்குக் காட்ட இன்னும் இரண்டு விஷயம். ஒன்று, வீட்டு முற்றம். மூங்கிலில் சிவப்பு முக்கோணக் கொடி பறந்தால் பெரும்பாலும் வட இந்திய வழிக் குடும்பம், அதை ஜண்டா என்பார்கள். தமிழ் வீட்டில் மூலையில் சின்னதாக ஒரு சாமிக்கூடு, பக்கத்தில் வேப்பமரம் என்று ஒரு மரம். அந்த மரத்தை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். பல இடங்களில் அது வேம்பே இல்லை. சிரிங்கா, அதாவது மலைவேம்பு. இலை பார்வைக்கு ஒத்துப்போகிறது, மாரியம்மனுக்கும் ஆட்சேபம் இல்லை. ஊதாப் பூ, குளிர்காலத்தில் இலை உதிர்ந்து மஞ்சள் காய் மட்டும் கொத்தாகத் தொங்கும். ஜூலையில் வருவதால் அடையாளம் காண்பது சுலபம். காயை மட்டும் யாரும் வாயில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விஷம்.

இரண்டாவது, வெஸ்ட்கிளிஃப்பில் பங்களாதேஷ் மார்க்கெட். வெள்ளியும் சனியும்தான் களை கட்டும், அதனால்தான் மேலே வெள்ளிக்கிழமை என்றார்கள். ஆளுக்கு 20 ராண்ட் கொடுத்து, தமிழ்ப் பெயர் தெரிந்த ஐந்து பொருளை அடையாளம் காணச் சொல்லுங்கள். 'மடும்பி' என்று குவித்திருப்பது சேப்பங்கிழங்கு என்று கண்டுபிடிப்பவருக்குப் பரிசு. அந்தப் பெயர் ஜூலுவிலிருந்து வந்தது. உயிர்க்கோழி விற்கும் பக்கம் சின்னப் பிள்ளைகள் சிலர் கலங்கலாம், சுற்றிக்கொண்டு போங்கள்.

பஸ் பற்றி: 60 சீட் வண்டியை ஹைவேயிலும் பெரிய டிரைவ்களிலும் மட்டும் ஓட்டச் சொல்லுங்கள். உள் தெருக்கள் செங்குத்து, முட்டுச்சந்தில் போய் முடியும், இரண்டு பக்கமும் கார் நிற்கும். உள்ளே விட்டால் பின்னோக்கித்தான் வெளியே வர வேண்டும். மார்க்கெட்டுக்கு ஸ்டேடியம் பக்கம் இறக்கிவிட்டு நடங்கள்.

நேரமிருந்தால் நெல்சன் மண்டேலா இளைஞர் மையத்தையும் வெளியிலிருந்து காட்டுங்கள். 2000 மார்ச் 24 அன்று த்ராப் என்ற நைட்கிளப்பில் கண்ணீர்ப்புகை வெடித்து, நெரிசலில் 13 பிள்ளைகள் இறந்தார்கள். அதன் பிறகு மண்டேலா நிதி திரட்டிக் கட்டிய மையம். உங்கள் பிள்ளைகளின் வயதுதான் அவர்களுக்கும்.

லெனேசியா டீச்சர்

ரொம்ப நன்றி ஐயா, நன்றி யூனிட்_மூணு. வியாழன் வடக்கு, வெள்ளி தெற்கு என்று மாற்றிவிட்டேன். மேப்பில் 'ஃபீனிக்ஸ்' போட்டால் ஒரு பெரிய டவுன் காட்டுகிறது, ஆசிரமம் அதற்குள் எங்கே என்று தெரியவில்லை. கப்பல் விஷயத்துக்கும் யாராவது வழி சொல்லுங்கள்.

கரும்புக்காட்டான்

ஆசிரமம் அந்த டவுனுக்குள் இல்லை, அதனால்தான் தெரியவில்லை. மேப்பில் 'ஃபீனிக்ஸ் செட்டில்மென்ட்' என்றோ 'பம்பாயி' என்றோ போடுங்கள். இனான்டா என்ற பகுதியில், எம்25 சாலைக்குப் பக்கம். பம்பாயி என்பது பம்பாய் என்ற நம் ஊர்ப் பெயர் ஜூலு வாயில் திரிந்தது. ஃபீனிக்ஸ் என்ற பெயர் காந்திக்கும் முந்தியது; அங்கே ஏற்கெனவே கரும்பு எஸ்டேட்டும் ரயில் ஸ்டேஷனும் இருந்தன. 1904இல் காந்தி முதலில் 20 ஏக்கர், ஒட்டினாற்போல் இன்னொரு 80 ஏக்கர், மொத்தம் 1,000 பவுனுக்கு வாங்கினார். ஸ்டேஷனிலிருந்து இரண்டரை மைல்.

அங்கே மூன்று கட்டடத்தில் கவனம் வையுங்கள். சர்வோதயா என்ற காந்தி வீடு, மணிலால் காந்தியின் வீடு, இண்டர்நேஷனல் பிரிண்டிங் பிரஸ். சர்வோதயா அசல் இல்லை. 1985 ஆகஸ்ட் கலவரத்தில் எரிந்துபோனது. திரும்பக் கட்டி 2000 பிப்ரவரியில் தாபோ ம்பெக்கி திறந்துவைத்தார். பிள்ளைகளிடம் இதை மறைக்க வேண்டாம்.

பிரஸ் கட்டடத்தில் சொல்ல நல்ல விஷயம் இருக்கிறது. காந்தியின் பத்திரிகையான இந்தியன் ஒப்பீனியன் 1903இல் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என்று நாலு மொழியில் தொடங்கியது. ஆசிரமத்துக்கு மாறிய முதல் இதழ் அச்சாகும் இரவில் ஆயில் இன்ஜின் மக்கர் செய்தது. மாற்றாக ஒரு பெரிய கைச்சக்கரம், அதைச் சுற்ற ஒரே நேரத்தில் நாலு பேர் வேண்டும். தூங்கிக்கொண்டிருந்த தச்சர்களையும் எழுப்பி, முறை வைத்துச் சுற்றினார்கள். தமிழ்ப் பகுதி 1906இல் நின்றது. கொள்கைக் காரணம் ஒன்றும் இல்லை, எழுத்துக் கோக்கவும் பார்த்துத் திருத்தவும் ஆள் கிடைக்கவில்லை. தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் தேடினாலும் கிடைக்காது.

மவுண்ட் எட்ஜ்கம்ப்பை 'நேரமிருந்தால்' என்று போட்டிருந்தீர்கள், அதுதான் எனக்குச் சம்மதமில்லை. மாரியம்மன் கோயில் 1890. பெரிய வெள்ளி அன்று இங்கே கூடும் கூட்டத்துக்கு நாட்டிலேயே ஈடு குறைவு. கணேசர் கோயில் 1899, கட்டியவர் கிஸ்டப்பா ரெட்டி. இரண்டும் சர்க்கரை ஆலைத் தொழிலாளிகள் கும்பிட்ட கோயில்கள். ஆலை 1994இல் மூடியாயிற்று. கரும்பு நின்ற மேடெல்லாம் இப்போது கால்ஃப் எஸ்டேட், வேலி போட்ட பங்களாக்கள். அதனால் பிள்ளைகள் கண்ணுக்குத் தோட்டம் தெரியாது, கோயில் மட்டும்தான் மிச்சம். பெரிய கோபுரத்தை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றம்தான். கருவறைக்கு மேலுள்ள விமானத்தில் இருக்கும் பொம்மைகளைப் பாருங்கள். அச்சில் வார்த்தவை இல்லை, கையால் சுதையில் பிடித்தவை, ஒன்று போல் ஒன்று இருக்காது. கடல் காற்றில் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்து, மேலிருக்கும் சாந்தை வெடிக்க வைப்பது இங்கே எல்லாக் கோயிலுக்கும் உள்ள நோய். அதை மறைக்க எனாமல் பெயின்ட் அடிப்பார்கள். ஈரம் உள்ளேயே தங்கி, நோய் இன்னும் முற்றும்.

1913 நவம்பரில், ஒப்பந்தம் முடிந்தும் இங்கேயே தங்கியவர்கள் மேல் போட்ட மூன்று பவுன் வரிக்கு எதிரான வேலைநிறுத்தம் சுரங்கத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குப் பரவியபோது, மவுண்ட் எட்ஜ்கம்ப்பில் போலீஸ் சுட்டது. இறந்தவர்களில் பச்சையப்பன், செல்வன், ராகவன் என்ற பெயர்கள் உண்டு. வரி அடுத்த வருஷம் ரத்தானது. பிள்ளைகளுக்குத் தில்லையாடி வள்ளியம்மையைத் தெரிந்திருக்கும், அவர் உங்கள் ஜோஹன்னஸ்பர்க் பிள்ளை. இந்த மூன்று பேரைத் தெரிந்திருக்காது.

ஆசிரமத்திலிருந்து சில கிலோமீட்டரில் ஓஷ்லாங்கே, ஜான் டூபே நிறுவிய பள்ளி. டூபே 1912இல், பின்னாளில் ஏஎன்சி (ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்) என்று பெயர் பெற்ற கட்சியின் முதல் தலைவர் ஆனவர். 1994 ஏப்ரல் 27 அன்று மண்டேலா முதல் ஓட்டைப் போடத் தேர்ந்தெடுத்த இடம் இந்தப் பள்ளிதான். இரண்டு இடத்துக்கும் முன்கூட்டி போன் போட்டு, உள்ளூர் வழிகாட்டியுடன் காலை வேளையில் போங்கள். வழிகாட்டி பஸ்ஸிலேயே ஏறிக்கொள்வது நல்லது. இனான்டாவில் பலகைகளை நம்ப முடியாது.

ஃபீனிக்ஸ் டவுனில் தனியாக இறங்க வேண்டியதில்லை, வழியில் தெரிந்தால் போதும். ஆனால் 2021 ஜூலைக் கலவரத்தின்போது அங்கே 36 பேர் கொல்லப்பட்டதைப் பெரிய பிள்ளைகள் கேட்பார்கள். பதிலை முன்பே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள் டீச்சர்.

பழைய_ஏடு

கப்பல் தேடுவதற்கு வருகிறேன். டர்பன் வந்து தேடினால் நேரம் போதாது, லெனேசியாவிலேயே வேலையை முடித்துக்கொண்டு வாருங்கள்.

ஒப்பந்தத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு, 1இல் தொடங்கி ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். தாத்தா பாட்டி காலத்துப் பிறப்பு, கல்யாண, இறப்புச் சான்றிதழ்களில் அப்பா அம்மா பெயருக்குப் பக்கத்தில் இந்த நம்பர் இருக்க வாய்ப்பு அதிகம். டிரங்குப் பெட்டியைத் திறந்து அதை முதலில் தேடச் சொல்லுங்கள். நம்பர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது: கப்பல் பட்டியலில் பெயர், அப்பா பெயர், வயசு, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம், கப்பல், தேதி எல்லாம் ஒரே வரியில் வரும். க்வாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் கேளுங்கள்.

நம்பர் இல்லாதவர்கள் தடுக்கி விழும் இடம் குடும்பப் பெயர். 'கவெண்டர்', 'மூட்லி' என்று தேடினால் ஒன்றும் வராது. பட்டியலில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. ஆளின் பெயர், அப்பன் பெயர் மட்டும். கவுண்டர் கவெண்டர் ஆனதும் முதலி மூட்லி ஆனதும் பிறகு. முனுசாமி, பெருமாள், வீராசாமி என்று இன்று குடும்பப் பெயராக இருப்பவை முதலில் வந்த கொள்ளுத்தாத்தாவின் சொந்தப் பெயராகவே இருக்கும். அவர்களுக்குத் தேடல் சுலபம். குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியதால், ஒரு பெயரைக் குறைந்தது நாலு எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள்.

ஜில்லாவை இன்றைய மேப்போடு ஒட்டிப் பார்க்காதீர்கள். 'வட ஆற்காடு' என்றால் இன்று வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை எதுவாகவும் இருக்கலாம். சித்தூரும் அன்று அதில்தான் இருந்தது, இப்போது ஆந்திரா. தாலுகாவும் கிராமமும் இல்லாமல் ஊரை முடிவு செய்ய வேண்டாம்.

அடிக்கடி நடக்கும் இன்னொரு கூத்து: சான்றிதழில் 'உம்லாசி' என்று பார்த்துவிட்டு, தாத்தா உம்லாசி டவுன்ஷிப்பில் பிறந்தார் என்று முடிவு கட்டுவது. உம்லாசி ஒரு கப்பலின் பெயரும்கூட. 1911இல் கடைசி ஒப்பந்தக் கூட்டத்தைக் கொண்டுவந்ததே அதுதான். வணிகர்களாகச் சொந்தச் செலவில் வந்தவர்கள் இந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். 38இல் ஒன்றிரண்டு பிள்ளைக்கு எதுவும் கிடைக்காது. முன்கூட்டிச் சொல்லி வையுங்கள்.

யூனிட்_மூணு

சாப்பாட்டை யாரும் சொல்லவில்லையே. வெள்ளிக்கிழமை, அதுவும் கோயிலுக்குப் போகும் நாள், கவிச்சி ஆகாது. பீன்ஸ் பன்னி (ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் குழம்பு ஊற்றியது) சொல்லிவிடுங்கள். 44 பேருக்கு 30 குவார்ட்டர் தாராளம். சின்னவர்கள் இரண்டு பேருக்கு ஒன்று. ஒரு ரொட்டிக்கு நாலு குவார்ட்டர், ஆகவே கடைக்கு எட்டு ரொட்டி வேலை. முந்தின நாளே சொல்லி வைக்க வேண்டும். வாங்கி அரை மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள். நேரமானால் குழம்பு அடிரொட்டியில் ஊறி, தூக்கும்போது அடி கழன்று மடியில் விழும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வியர்த்து இன்னும் சீக்கிரம் ஊறும். பேப்பரில் சுற்றித் தரச் சொல்லுங்கள். ஸ்பூன் கேட்காதீர்கள், சிரிப்பார்கள்.

ஜூலை 17க்குப் பிறகு வருவதாக இருந்தால் ஆடி பிறந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை தங்க முடிந்தால் ஏதாவது ஒரு மாரியம்மன் கோயிலில் பொரிட்ஜ் பிரேயர் பார்க்கலாம், நம் கூழ் ஊற்றுதான். ஆளுக்கு ஒரு டம்ளர் கொண்டுபோங்கள்.